புயல் மாதத்தில் வரும் திருவருகைக் காலம்



இன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மேற்கு நாடுகளில் இந்தக் காலம் பனியோடு வருகிறது. நமக்கு வாடைக்காற்றோடும் அடைமழையோடும் வருகிறது. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முடிய வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம். அந்தக் காலத்தின் நடுவில்தான் விழித்திருக்கும்படி திருச்சபை நம்மை அழைக்கிறது. கடற்கரையில் வாழும் நாம் இந்த அழைப்பை அதன் நேர்ப்பொருளிலேயே கேட்க வேண்டியவர்கள்.

மூன்று ஆண்டுச் சுழற்சியில் இந்த ஞாயிற்றுக்கு வரும் நற்செய்திப் பகுதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு மத்தேயு. நோவா காலத்து மக்கள் உண்டு குடித்து, பெண் எடுத்துப் பெண் கொடுத்து, வெள்ளம் வாசலுக்கு வரும்வரை ஒன்றும் அறியாமல் இருந்ததை அது நினைவூட்டுகிறது. இன்னோர் ஆண்டு லூக்கா. கடல் இரைகிற சத்தம் கேட்டு மக்கள் கலங்கி நிற்பார்கள் என்று அங்கே ஆண்டவர் சொல்கிறார். இன்று நாம் வாசிக்கக் கேட்டது மாற்கு. வெளியூர் புறப்படும் வீட்டுத் தலைவர் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைக் கொடுத்து, வாயில்காப்போனைக் கண்விழித்துக் காவல் இருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று மழையைக் கொட்டியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. மறுநாள் டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தெருவெல்லாம் தண்ணீராய்க் கிடந்த அந்தக் காலையில் திருச்சபை வாசித்தது, கடலின் இரைச்சலைப் பற்றிய அந்த லூக்கா நற்செய்தியைத்தான்.

இன்றைய மாற்கு நற்செய்திக்கும் நம் குமரிக் கடற்கரையில் ஒரு நாள் இருக்கிறது. அது 2017 டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் திருவிழாவும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் ஒன்றாக வந்த நாள். அதற்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 30 அன்று, மீனவரான திருத்தூதர் அந்திரேயாவின் விழாவன்று, ஒக்கி புயல் நம்மைத் தாக்கியிருந்தது. சவேரியார் விழாவுக்கு ஊருக்கு ஊர் அலங்கார விளக்கு எரிந்திருக்க வேண்டிய நாள்கள் அவை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, நீரோடி என்று கடற்கரை முழுவதும் பெண்கள் கோவில் முற்றத்தில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்த ஞாயிறு அது. விழித்திருக்கச் சொல்லும் நற்செய்தி வாசிக்கப்பட்டபோது, அந்த முற்றங்களில் மூன்று இரவாக யாரும் தூங்கியிருக்கவில்லை.

எப்படி நடந்தது என்பதை இளையோருக்காகச் சொல்கிறேன். நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே அது ஒரு தாழ்வு மண்டலம். 30ஆம் தேதி முற்பகலில் கன்னியாகுமரிக்குத் தெற்கே புயல். இடையில் ஒரே ஒரு பகலும் இரவும். வழக்கமாகப் புயல் தொலைவில் உருவாகி, சில நாள் பயணம் செய்து கரைக்கு வரும். நமக்கும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, அறிவிப்புக் கேட்டு, படகைக் கட்ட நேரம் இருக்கும். ஒக்கி நம் கரைக்கு அருகிலேயே பிறந்து, பிறந்த வேகத்திலேயே வலுத்தது. நம் ஆழ்கடல் தொழிலாளர்களோ வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள், லட்சத்தீவுக்கும் அதற்கு அப்பாலும் போகிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து உயிரோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். தங்கள் கண்முன்னே கைதளர்ந்து போனவர்களின் பெயர்களை அவர்கள் இன்றும் சுமக்கிறார்கள்.

அந்த நாள்களில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, கடலில் எத்தனை பேர் என்பது. அதற்கு உடனே பதில் சொல்ல யாரிடமும் முழுமையான கணக்கு இல்லை. எந்தப் படகில் யார் ஏறினார், எந்தத் துறைமுகத்திலிருந்து போனார், கூடப் போன வெளிமாநிலத் தொழிலாளி யார் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்த பட்டியல் இல்லை. பங்குத்தந்தையரும் ஊர்க் கமிட்டிகளும் வீடு வீடாய்க் கேட்டுக் கேட்டுப் பெயர்களை எழுதினார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் கேட்டதும், எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்பதுதான்.

நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போன உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆயர் தேடிப் போனதையும், தோளில் போட்டுத் தூக்கி வந்ததையும் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவர் தேடக் கிளம்புவதற்கு முன்பு ஒன்று நடந்திருக்க வேண்டும். அவர் எண்ணியிருக்கிறார். மாலையில் எண்ணிப் பார்த்ததால்தான் ஒன்று குறைவது தெரிந்தது. எண்ணாத ஆயருக்குத் தொண்ணூற்றொன்பதும் மந்தைதான், தொண்ணூற்றைந்தும் மந்தைதான். நம்மில் யார் கடலில் இருக்கிறார், யார் கரையில் இருக்கிறார் என்று எண்ணி வைப்பதும் அன்பின் வேலை. நல்ல ஆயரைப் பின்பற்றுகிறவர்கள் அதை அரசு அலுவலகத்துக் காகித வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்றைய நற்செய்தியில் இன்னொன்றையும் பாருங்கள். தலைவர் எல்லாரையும் ஒரே வேலையில் உட்காரவைக்கவில்லை. அவரவருக்கு அவரவர் பணி. வாயில்காப்போன் விழித்திருப்பதால் வீட்டில் பிள்ளைகள் தூங்க முடிகிறது. கலிலேயக் கடலில் புயல் அடித்தபோது ஆண்டவரே படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கியிருக்கிறார். அந்த இரவில் அவர்களோடு வேறு படகுகளும் போயின என்று மாற்கு ஒரு சிறு குறிப்புத் தருகிறார். நாம் வாசித்துவிட்டு விரைவாய்க் கடந்துபோகிற குறிப்பு. ஆண்டவர் காற்றை அதட்டியபோது தம் படகுக்கு மட்டும் அமைதி தரவில்லை. அவரைத் தம் படகில் ஏற்றியிராத அந்த மற்றப் படகுகளுக்கும் கடல் அமைதியானது.

புயல் வரும்போது அவர் காற்றை அதட்டுவார், நாம் செபமாலை சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். செபமாலை சொல்லுங்கள், ஒருநாளும் விடாதீர்கள். ஆனால் கோவில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று ஆண்டவரிடம் சொன்னது யார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை விசுவாசம் என்று ஆண்டவர் ஏற்கவில்லை. கடவுளைச் சோதிப்பது என்றே மறுத்தார். தூத்துக்குடியிலும் பாம்பனிலும் கூண்டு ஏற்றப்பட்ட பிறகு கடலுக்குப் போவதும், இடம் மாறச் சொல்லி ஆள் வந்து நின்ற பிறகு பிடிவாதமாய்க் குடிசையில் இருப்பதும் அந்தக் கோவில் உச்சியில் நிற்பதற்குச் சமம்.

எச்சரிக்கையை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசா மக்கள் சாட்சி. 1999 அக்டோபரில் அங்கே அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதன்பின் கரையோரத்தில் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள். கிராமத்துக்குக் கிராமம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நடக்க முடியாதவரை யார் தூக்கிப்போவது என்பதுவரை முன்கூட்டியே பேசி வைத்தார்கள். 2013 அக்டோபரில் பாய்லின் புயல் அதே கரைக்கு வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்னதாகவே இடம் மாறியிருந்தார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. வீடும் வயலும் அந்தப் புயலிலும் போயின. ஆனால் ஆயிரமாயிரம் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு உயிரோடு வீடு திரும்பினார்கள். விழித்திருப்பதன் பலன் எனக்கு இதைவிடத் தெளிவாய் வேறெங்கும் தெரியவில்லை.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் கோவிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயலில் கடல் எழுந்து அந்த ஊரையே மூடியது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் அதோடு போயிற்று. கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் இருந்தது. அந்தச் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே வழிபட்ட மக்களுக்காக ஒரு மங்கள வார்த்தையாவது சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்போது கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், இது நம் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று ஒரு பேச்சு ஊரில் கிளம்புகிறது. நம் கடற்கரையில் அதைவிடக் கொடிய ஒரு பேச்சும் பழையகாலத்திலிருந்து இருக்கிறது. கரையில் மனைவி ஒழுங்காய் இருந்தால் கடலில் கணவனுக்கு ஒன்றும் ஆகாதாம். கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற பெண்ணின் முகத்துக்கு நேராக இதைச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று ஆண்டவர் கேட்டார். இல்லை என்று பதிலையும் அவரே சொன்னார். ஆண்டவர் இல்லை என்று சொல்லிவிட்டதை ஆம் என்று சொல்ல நம்மில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. கடல் சூடேறும்போது அதன் ஆவியிலிருந்து பலம் எடுத்துக்கொண்டு புயல் எழுகிறது. அது யாருடைய மனைவி எப்படி வாழ்கிறாள் என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. இந்தப் பேச்சு உங்கள் வாயில் வந்திருந்தால் கிறிஸ்துமசுக்கு முந்தைய பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவளிடமும் மன்னிப்புக் கேளுங்கள்.

அவளுடைய துயரம் சாதாரணத் துயரம் இல்லை. உடல் கிடைத்தால் அடக்கம் செய்து, கல்லறையில் பூ வைத்து, அழுது தீர்க்கலாம். உடல் கிடைக்காத வீட்டில் அழுவதற்கே தயக்கம். அழுதால் அவர் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது போலாகுமே என்ற பயம். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சட்டம் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. ஒக்கியில் அந்த விதியைத் தளர்த்தித்தான் குடும்பங்களுக்கு உதவி கொடுக்க வேண்டியிருந்தது. காகிதம் கிடைத்த பிறகும் மனம் ஏற்க ஆண்டுகள் ஆகும். ஏதாவது ஒரு தீவில் ஒதுங்கியிருப்பார், ஏதாவது ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று காத்திருக்கிற தாய்மாரிடம், இன்னுமா நம்புகிறாய் என்று கேட்காதீர்கள். அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். உடல் இல்லாமலும் திருச்சபை அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறது. அவர்கள் தயாராகும் நாளில் அதைக் கேட்கட்டும். அந்த நாளை நாம் அவசரப்படுத்த வேண்டாம். கடல் தன்னிடம் இருக்கும் இறந்தோரைத் திருப்பிக் கொடுக்கும் என்று திருவெளிப்பாட்டில் யோவான் கண்டார். அது நம் கடற்கரைக்கே எழுதப்பட்டது போல இருக்கிறது. அதை நான் முழு மனத்தோடு நம்புகிறேன்.

உயிரோடு திரும்பியவர்களையும் மறந்துவிடுகிறோம். காற்று கொஞ்சம் பலமாய் அடித்தால் தூங்க முடியாத ஆண்கள் இந்தக் கோவிலிலும் இருக்கலாம். அதைக் கோழைத்தனம் என்று அவர்களே நினைத்து, குடியில் மறைக்கிறார்கள். அது கோழைத்தனம் இல்லை, அடிபட்ட மனம். மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேட்டுப்பக்கத்திலிருந்து வருகிறவர்களே, அதே ஒக்கியில் உங்கள் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி, நாகப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைவரை தென்னை விவசாயிகளை அப்படியே தரையில் உட்காரவைத்தது. புயலில் அவர் துயரம், இவர் துயரம் என்று பிரிக்க வேண்டாம்.

திருத்தூதர் பணிகள் நூலில் 27ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். முழுக்க முழுக்கப் புயல் காலத்துக் கதை. கடல் பயணத்துக்கு ஆபத்தான காலம் வந்துவிட்டது, இங்கேயே தங்குவோம் என்கிறார் கைதியாய்ப் போய்க்கொண்டிருந்த பவுல். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியும் கப்பல் முதலாளியும் சொன்னதைக் கேட்கிறார். தெற்கிலிருந்து மெல்லிய காற்று வீசியதும் எல்லாருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. புறப்படுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வடகிழக்குக் காற்று பிடித்துக்கொள்கிறது. நமக்குத் தெரியாத காற்றா அது? சரக்கைக் கடலில் எறிகிறார்கள், பல நாள் சூரியனையும் பார்க்கவில்லை. பதினான்கு நாள் பட்டினி கிடந்தவர்களிடம், சாப்பிடுங்கள், உங்களுக்குத் தெம்பு வேண்டும் என்று பவுல் சொல்லி, தாமே அப்பத்தை எடுத்து நன்றி செலுத்திப் பிட்டு உண்கிறார். அதற்குச் சற்று முன்புதான் மாலுமிகள் நங்கூரம் போடுகிற சாக்கில் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்த்திருந்தார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்களும் பிழைக்க மாட்டீர்கள் என்று பவுல் படைவீரர்களை எச்சரித்திருந்தார். கடைசியில் கப்பல் உடைகிறது. 276 பேரில் ஒருவர்கூடக் குறையாமல் கரை சேர்கிறார்கள். மால்டா தீவின் மக்கள், யார் எவர் என்று கேட்காமல், மழைக்கும் குளிருக்கும் நெருப்பு மூட்டி அவர்களை ஏற்றுக்கொள்கிறார்கள்.

படகு முதலாளிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று லட்சக்கணக்கில் செலவழித்துப் படகை அனுப்புகிறீர்கள். பாதியில் திரும்பினால் எவ்வளவு நட்டம் என்று எனக்குத் தெரியும். அந்த நட்டத்தை நினைத்துத்தான் படகு ஓட்டுகிற ஸ்ராங்கு, இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று முடிவெடுக்கிறார். அறிவிப்புக் கேட்டுத் திரும்பி வருகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், கூலியில் கழிக்க மாட்டேன் என்று அவர் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் படகுகளில் வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலப் பிள்ளைகளுக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கட்டும். அறிவிப்பு தமிழில் வரும், அவர்களுக்குப் புரியாது. அவர்கள் மொழி தெரிந்தவர் யாராவது எடுத்துச் சொல்லட்டும்.

மற்றபடி செய்ய வேண்டியவை நீங்கள் அறிந்தவைதான். ஆதார், ரேஷன் கார்டு, படகுப் பதிவுச் சான்று, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பையில் கட்டி வையுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புயலின் கண் நம்மேல் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், சில நேரம் வானம்கூடத் தெளியும். முடிந்தது என்று நினைத்து வெளியே வரவேண்டாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி அடிக்கும். முடிந்தது என்று அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள். விழுந்து கிடக்கும் மின்கம்பிப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, கடலோரக் காவல்படை எண் 1554. இரண்டையும் வீட்டுக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

திருப்பலி முடிந்ததும் அன்பியத் தலைவர்களும் இளையோரும் கோவில் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். கடலுக்குப் போகிற உங்கள் வீட்டு ஆட்களின் பெயர், படகின் பதிவு எண், கூடப் போகிறவர்களின் பெயர், எப்போது புறப்பட்டார், எப்போது திரும்புவார் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு முறை அவர் புறப்படும்போதும் திரும்பும்போதும் அன்பியத் தலைவரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்கிற முதியவர், படுக்கையில் இருக்கிறவர், நிறைமாதக் கர்ப்பிணி யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவர்கள் பெயரையும் கொடுங்கள். அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, புயல் அறிவிப்பு வந்ததும் அவரை அழைத்துப் போக ஒப்புக்கொள்கிற ஓர் இளைஞரின் பெயர் எழுதப்பட வேண்டும். தம்பிமாரே, தங்கைமாரே, நீங்கள் வந்து கையெழுத்துப் போடும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும். இன்றே வாருங்கள்.